நிர்மலாவைக் கூப்பிடு

அருள்நாதனுக்கு ஐந்து மொழிகள் தெரியும். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர் என்பதால் மாரண்டஹள்ளிப் பக்கம் இதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. வீட்டில் தமிழ், சுற்றியுள்ள தோட்டத்துக் கொட்டாய் வீடுகளில் கன்னடமும் தெலுங்கும், நாக்பூரிலும் இந்தூரிலும் லோடுக்குக் காத்துக் கிடந்த நாட்களில் இந்தி. ஐந்தாவது மொழியை மட்டும் அவர் கட்டிலில் படுத்தபடி கற்றுக்கொண்டார். அது ஜெர்மன். அதில் நாற்பது வாக்கியம் தெரிந்தால் அதிகம்.

2018இல் தொப்பூர் கணவாயில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அவிழ்ந்துபோன தார்ப்பாய்க் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்காமல் இறங்கி வந்த கன்டெய்னர் ஒன்று அவர் வண்டியைப் பின்னாலிருந்து இடித்தது. கயிற்றைப் பிடித்த கையோடு தூக்கி எறியப்பட்டவர், சாலையோரக் கல்லில் கழுத்து பட விழுந்தார். உயிர் பிழைத்தது. தோளும் முழங்கையும் கொஞ்சம் மணிக்கட்டும் அசைந்தன. அதற்குக் கீழே எதுவும் இல்லை. விரல்கள் மடங்கியே கிடந்தன. அப்போது அவருக்கு நாற்பது வயது. ஒரே மகள் ஜெனிஷா ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் மனைவி நிர்மலாவின் நாள் இரண்டு மணி நேரத் துண்டுகளாக நறுக்கப்பட்டுவிட்டது. இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் போட வேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வரும். மூத்திரப் பையைக் காலி செய்ய வேண்டும், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் கிடைக்கிற நேரத்தில் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாமந்தி பறிக்கவும் தக்காளி பொறுக்கவும் போவாள். தூரத்து வேலைக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் போக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

வீடு தனிக் கொட்டாய். அடுத்த வீடு முனிராஜுடையது. இடையில் ஒரு தக்காளித் தோட்டமும் ஒரு வரப்பும் இருந்தன. கன்னடம் பேசுகிற குடும்பம். முனிராஜின் மனைவி செல்லம்மாள் நிர்மலாவுக்கு அக்கா மாதிரி.

நிர்மலா வெளியே போகும்போது செல்போனை அவர் நெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் போவாள். மடங்கிய விரலின் கணுவால் அவர் அதை அழுத்துவார். சில நாள் இருமல் வந்தால் போன் நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்படி ஒரு நாள் காலையில் நழுவியது. அன்றைக்கென்று நிர்மலா மாத்திரை வாங்கத் தருமபுரிக்குப் போயிருந்தாள். கட்டெறும்பு கூட்டமாக ஏறி அவர் கண்ணோரத்தில் கடித்துக்கொண்டிருந்தது. போன் கீழே கிடந்து அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. அவள் திரும்பி வந்தபோது ஒரு கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கியிருந்தது. மறுநாள் தங்கைக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார்.

தங்கை ராயம்மாள் கன்னியாஸ்திரி. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், மடத்துக்குப் பக்கத்திலேயே உள்ள முதியோர் இல்லத்தில் நர்ஸ். அண்ணன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தன் இல்லத்தில் அசைய முடியாத கிழவர் ஒருவரின் தலைமாட்டில் ஒரு பேசும் பெட்டி இருப்பதாகச் சொன்னாள். வாயால் சொன்னால் போதும், அவர் மகனுக்கு அது போன் போட்டுக் கொடுக்கும். ஆறு மாதம் கழித்து, விடுமுறைக்கு வந்த ஒரு பாதிரிச் சாமியாரின் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் அப்படி ஒன்று மாரண்டஹள்ளிக்கு வந்து சேர்ந்தது. சிறிய தேங்காய் அளவு, சாம்பல் நிறம்.

ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஜெனிஷா ஞாயிற்றுக்கிழமை வந்து, சிம் போட்ட ரௌட்டர் ஒன்றை வாங்கி வைத்து, பெட்டியைச் செருகினாள். விளக்கு எரிந்தது. ஒரு பெண்குரல் புரியாத மொழியில் ஏதோ சொன்னது. செல்போனில் அதற்கான செயலியைத் தேடினால் கிடைக்கவில்லை. வேறு வழியில் இறக்கிப் பார்த்ததும், இந்தச் சாதனத்தை உங்கள் நாட்டில் பயன்படுத்த முடியாது என்று வந்தது. நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ஜெனிஷா பஸ் ஏறினாள். திரும்பக் கொடுத்துவிடலாம் என்றாள்.

அருள்நாதன் விடவில்லை. மாநில எல்லைகளில் ஒரு காகிதம் குறைந்தாலும் நாள் கணக்கில் நின்று, பேசிப் பேசி வண்டியை உள்ளே விட்டவர் அவர். இதுவும் ஒரு செக்போஸ்ட் என்றே அவருக்குப் பட்டது. மூன்று வாரம் கணுவால் தட்டித் தட்டிப் பார்த்தார். முதலில் போனின் நாட்டை ஜெர்மனி என்று மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு முகவரி கேட்டது. தங்கையின் மடத்து முகவரியைக் கொடுத்தார். பிறகு அந்த நாட்டுப் போன் எண் கேட்டது. ராயம்மாளின் எண்ணைக் கொடுத்தார். அந்த எண்ணுக்கு ஒரு குறியீடு போகும், அவள் அதைப் படித்துச் சொல்ல வேண்டும், ஒரு நிமிஷத்துக்குள் அவர் அதைத் தட்ட வேண்டும். அவர் கணு ஆறு எண்களைத் தட்டி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ ஏற்றுக்கொண்டது. மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போன் போடும் வசதி காணாமல் போனது. ஜெர்மனுக்குத் திருப்பினால் வந்தது. சரி, ஜெர்மனே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ராயம்மாள் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் கொடுத்தாள். ‘ரூஃப் நிர்மலா ஆன்’ என்றால் நிர்மலாவைக் கூப்பிடு. அதை மட்டும் அவர் இரண்டு நாள் சொல்லிப் பழகினார்.

முதல் அழைப்பு போனபோது நிர்மலா பூத்தோட்டத்தில் இருந்தாள். எடுத்துக் காதில் வைத்தாள்.

“நான்தான். கைல தொடாம பேசறன்.”

பூக்கூடையைக் கீழே வைத்தாள். பிறகு அவள், “மூத்திரப் பை நெரம்பிருச்சுங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல. சும்மாதான் கூப்பிட்டன்.”

சும்மா கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் அவர் அடிக்கடி சும்மா கூப்பிட்டார். பெட்டியைப் பொறுத்தவரை அருள்நாதன் ஜெர்மனியில் ஒரு கன்னியர் மடத்தில் குடியிருந்தார். வானிலை கேட்டால் அந்த ஊர் வானிலையைச் சொல்லும். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், “நம்மூர்ல இன்னிக்குப் பனி கொட்டுதாம், சால்வை போத்திக்க” என்று தோட்டத்தில் இருப்பவளிடம் சொல்வார். பகலில் ஜெர்மன் ரேடியோவில் பாட்டு வைப்பார். செல்லம்மாள் வரப்பில் போகும்போது, அண்ணனுக்கு வெளிநாட்டுப் பாட்டு கேட்கிறது என்று சிரித்துக்கொண்டே போவாள்.

ஒரு குறை இருந்தது. பெட்டியால் சாதாரண எண்கள் எதற்கும் போன் போட முடியாது. முனிராஜ் வீட்டுக்கோ 108க்கோ போடச் சொன்னால், இது உங்கள் பகுதியில் கிடையாது என்று ஜெர்மனில் சொல்லும். அதே செயலியைத் தன் போனில் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அழைப்பு போகும். அதை வைக்க வேண்டுமென்றால் போனின் நாட்டை ஜெர்மனி என்று மாற்ற வேண்டும். நிர்மலாவின் போனை மாற்றியாயிற்று. ராயம்மாளுடையது அந்த நாட்டுப் போனே. ஜெனிஷாவின் போனை மாற்றினால் அவள் சம்பளம் வருகிற வங்கிச் செயலியும் கம்பெனி வருகைப் பதிவும் வேலை செய்யாது. பழைய போன் ஒன்று வாங்கி அதில் போட்டுக்கொள்கிறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று அவள் சொன்னாள். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே போனது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை. பொங்கலுக்குப் பூ வேலை முடிந்து தக்காளி வேலை நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே தலைவலி என்று நிர்மலா சொல்லியிருந்தாள். சில மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறை முகாமில் ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவருடைய மாத்திரைகளை மணி தவறாமல் கொடுப்பவள், தன்னுடையதை நினைவு வந்தால் போடுவாள்.

பத்து மணிக்கு வேலையிலிருந்து வந்தாள். கைகால் கழுவினாள். அவருடைய போனை எடுத்து எதிர்ச் சுவர் அலமாரியில் சார்ஜ் போட்டாள். அவரைப் புரட்டுவதற்குக் கட்டிலருகே வந்தவள் அப்படியே நின்றாள்.

“என்னாங்க, ஒரு மாதிரியா வருது,” என்றாள். கட்டில் சட்டத்தைப் பிடிக்கப் போன கை பிடிக்கவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் விழுந்தாள்.

தலையைத் திருப்பினால் அவருக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன. பாதத்தில் தோட்டத்துச் சேறு இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் வரவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது.

முனிராஜைக் கன்னடத்தில் கத்திக் கூப்பிட்டார். செல்லம்மாளைத் தமிழில் கூப்பிட்டார். அடிபட்ட பிறகு அவர் நெஞ்சில் காற்று நிற்பதில்லை. எவ்வளவு கத்தினாலும் வாசலைத் தாண்டாது. தோட்டத்தில் மருந்தடிக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் பெட்டி நினைவுக்கு வந்தது. வாயில் பழகியிருந்த வாக்கியமே முதலில் வந்தது. ரூஃப் நிர்மலா ஆன். பெட்டி சரி என்றது. தரையில், அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. அது அடித்து முடியும் வரை அவரால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. 108 என்றார். இது உங்கள் பகுதியில் கிடையாது என்றது. வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். அதே பதில். ஜெனிஷா என்றார். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றது.

ராயம்மாளைக் கூப்பிட்டார். அங்கே அப்போது காலை ஆறு மணி தாண்டவில்லை. சகோதரிகள் மடத்துக் கோயிலில் இருப்பார்கள். காலை ஜெபமும் பூசையும் முடியும் வரை போன் அறையில்தான் கிடக்கும். அது அவருக்கும் தெரியும். இரண்டு முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

அப்போது அவருக்கு ஒரு யோசனை வந்தது. பெட்டியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி ரேடியோ போட்டால் வெளியே கேட்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அந்த வாக்கியமும் தெரியும். சொன்னார். வீடே அதிர்கிற மாதிரி ஒரு ஜெர்மன் பாட்டு கிளம்பியது.

வெளியே அது நன்றாகவே கேட்டது. செல்லம்மாள் தோட்டத்தில் நின்று கேட்டாள். இன்றைக்கு அண்ணன் நல்ல குஷியில் இருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

உள்ளே இப்போது அருள்நாதனின் குரல் பெட்டிக்கே கேட்கவில்லை. நிறுத்து என்று கத்தினார். பாட்டு அதைவிடச் சத்தமாக இருந்தது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சொன்னால் கேட்கும் என்று காத்திருந்தார். பாட்டு முடிந்த உடனே ஒரு ஆள் வேகமாகப் பேசினான், பேச்சு முடிவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிட்டது. நான்கு பாட்டு ஓடியது. நிர்மலாவின் மூச்சு அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் ஒருமுறை லேசாக உதறியது. ஐந்தாவது பாட்டுக்கு முன் ஒரு சின்ன மௌனம் கிடைத்தது. நிறுத்து என்றார். நின்றது.

மறுபடி மறுபடி கூப்பிட்டதில், பதினொன்று பத்துக்கு ராயம்மாள் எடுத்தாள்.

“அண்ணா, பூசையில இருந்தன். என்னணா?”

“நிர்மலா உழுந்துட்டா. எழுந்திருக்கல. யாருமே வரல.”

“எப்ப உழுந்தாங்க?”

“அம்பது நிமிசம் ஆவுது.”

“மூச்சு உடறாங்களாணா?”

“உடறா. கொறட்ட மாதிரி சத்தம் வருது.”

ராயம்மாள் இருபது வருஷமாக நர்ஸ். அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஜெனிஷாவுக்குச் சொல்லி ஆளை வரவழைக்கிறேன், நீ அண்ணிகூடப் பேசிக்கொண்டே இரு, காது கேட்கும் என்றாள்.

அவள் ஓசூருக்குப் போட்டாள், ஓசூரிலிருந்து ஜெனிஷா செல்லம்மாளுக்குப் போட்டாள். அந்தப் பத்து நிமிஷமும் அருள்நாதன் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செல்லம்மாள் ஓடி வந்து கதவைத் தள்ளியபோது, “பூத்தோட்டம்” என்ற ஒரு சொல் மட்டும் அவள் காதில் விழுந்ததாம்.

ஆம்புலன்ஸ் தருமபுரிக்குக் கொண்டுபோனது. தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். நிறைய பரவிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று ஒரு டாக்டர் ஜெனிஷாவிடம் சொன்னார். அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் இரண்டு தடவை சொன்னாள். சனிக்கிழமை மதியம் நிர்மலா இறந்தாள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அருள்நாதன் அவளை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கவில்லை. கொண்டுபோக வழியில்லை.

உடல் வீட்டுக்கு வந்தது. வாசல் அறையில் பெஞ்சு போட்டு அதன்மேல் சவப்பெட்டியை வைத்தார்கள். அவர் கட்டில் உள்ளறையில் இருந்தது. அந்தக் கட்டில் கதவு வழியாக வெளியே வராது. சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோய்த் தரையில் வைத்தார்கள். படுத்திருப்பவரின் கண்ணுக்கு அதன் விளிம்பு மட்டும் தெரிந்தது.

“தூக்குங்க. அப்பாவுக்குத் தெரியல,” என்றாள் ஜெனிஷா.

முனிராஜும் இன்னும் மூன்று பேரும் பெட்டியைத் தூக்கி, கட்டில் உயரத்துக்குக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜெனிஷா அப்பாவின் கையை எடுத்து அம்மாவின் நெற்றியில் வைத்தாள். அவர் கை வெப்பத்தையோ குளிரையோ உணராது. அதனால் குனிந்து, அவர் கன்னத்தை அம்மாவின் கன்னத்தோடு சேர்க்க முயன்றாள். தூக்கிப் பிடித்தவர்கள் பிடியை மாற்றிக்கொண்டார்கள். யாரும் இறக்கலாமா என்று கேட்கவில்லை. அவரே போதும் என்று தலையசைத்தார்.

கோயிலுக்கும் கல்லறைக்கும் எல்லோரும் போய்விட்டார்கள். செல்லம்மாள் மட்டும் அவரோடு இருந்தாள். மணி அடித்தது வீடு வரை கேட்டது. அப்போதுதான் அவள் அந்தப் பாட்டு விஷயத்தைச் சொன்னாள்.

“கேட்டுச்சுங்ணா. பாட்டுத்தான கேக்கறீங்கன்னு நெனச்சிட்டன்.”

“யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க,” என்றார்.

செல்லம்மாளுக்கு அது ஆறுதலாக இல்லை. அதன்பின் பல மாதம், கூப்பிடாமலேயே நாளைக்கு இரண்டு முறை வந்து அவரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனாள்.

ஜெனிஷா வேலையை விட்டுவிட்டு வந்தாள். அம்மா செய்ததையெல்லாம் செய்தாள். அப்பாவுக்கு மகள் செய்யக் கூடாது என்று அவர் நினைத்திருந்த வேலைகளையும் செய்தாள். அவள் துடைக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அவளும் சுவரைப் பார்த்துக்கொண்டே துடைப்பாள். பேசும் பெட்டியை அவள் முதல் வாரத்திலேயே பிடுங்கிப் பையில் சுற்றி, சாமியார் வந்தால் கொடுக்கலாம் என்று பரண்மேல் போட்டுவிட்டாள். அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் அந்த பழைய போன வாங்கியிருந்தா நீங்க என்னக் கூப்பிட்டிருப்பீங்க,” என்றாள்.

அவர் இந்தக் கேள்விக்காகவே மூன்று மாதம் காத்திருந்தார். பதில் தயாராகத்தான் இருந்தது. டாக்டர் சொன்னது, அம்மா மாத்திரை போடாதது, எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அதில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“ஆமா, கூப்பிட்டிருப்பன்,” என்றார். “அதுக்கப்பறம் என்னா ஆயிருக்கும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது சாமி.”

அவள் அழுதாள். அம்மா இறந்ததிலிருந்து அவள் அழுது அவர் பார்த்ததில்லை. கஞ்சி ஆறும் வரை அழுதாள். பிறகு அதைச் சுடவைத்துக் கொண்டுவந்து மீதியை ஊட்டினாள்.

அந்த வாரமே அவர் ராயம்மாளிடம் பேசினார். மகளுக்குத் தெரியாமல் பேச வழியில்லாததால், அவள் எதிரிலேயே பேசினார். சேலம் பக்கம் சிஸ்டர்கள் நடத்துகிற ஒரு இல்லத்தில், தண்டுவடம் போனவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ராயம்மாள் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தாள். ஜெனிஷா முடியவே முடியாது என்றாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவரும் பிடிவாதத்தை விடவில்லை. நீ இங்கே இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் உன்னைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அதை என்னால் தாங்க முடியாது என்று மூன்றாம் நாள் சொன்னார். அவள் ராயம்மாளுக்குப் போன் போட்டு அந்த இல்லத்தின் எண்ணைக் கேட்டாள்.

ஜூன் மாதம் அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கட்டிலை விட்டு ஸ்ட்ரெச்சருக்கு மாற்றியபோது, மெத்தையின் நடுவில் அவர் உடல் அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது. செல்லம்மாள் மெத்தையைச் சுருட்டி வெயிலில் போட்டாள். போகிற வழி தொப்பூர் கணவாய்தான். ஜெனிஷா வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அவர் கண்ணாடிக்கு மேல் தெரிந்த மரக்கிளைகளையும் லாரிகளின் மேல்முனைகளையும் பார்த்துக்கொண்டு, வண்டி எந்த வளைவில் இருக்கிறது என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மட்டும் கண்ணை மூடினார்.

அந்த இல்லத்து வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். இவருக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை. புண் ஒன்று ஆறாமல் இருக்கிறது. இரண்டு முறை காய்ச்சல் வந்து போனது. பக்கத்துக் கட்டிலில் தெலுங்குக்காரர் ஒருவர் இருக்கிறார். மரத்திலிருந்து விழுந்தவர். அவரோடு பேசுகிறார். ஆள் வந்து துடைத்துவிடும்போது இப்போது கண்ணை மூடுவதில்லை.

ஜெனிஷா மறுபடி ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வேறு கம்பெனி. மாதத்தில் இரண்டு ஞாயிறு வருகிறாள். கொட்டாய் பூட்டிக் கிடக்கிறது. போன முறை வந்தபோது அவருக்குத் தலை வாரி, நகம் வெட்டி, கொண்டுவந்த சோற்றை ஊட்டினாள். ஹாஸ்டலில் அறை மாற்றிவிட்டார்கள், ஷிப்டும் மாறிவிட்டது என்றாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றாள். தலைவலி ஏதாவது வருகிறதா என்று கேட்டார்.

“இல்லப்பா.”

“வந்தா உடனே போய்க் காட்டு. அப்பறம் பாத்துக்கலாம்னு இருக்காத.”

சரி என்றாள். மூன்று மணிக்கு மழை வரும் போல் இருந்தது. ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், கிளம்பு என்று அவரே சொன்னார்.